13 பால் டின்னை ஏன் மூன்று வரிசையாக அடுக்க முடியவில்லை? (முக்கோண எண்களும் பகா எண்களும்)

ஆயர்ஈத்தாம்_அம்மா | வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்களுக்குச் சின்ன மளிகைக்கடை. வாசலில் பால் டின் அடுக்கும் வேலை ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகளுடையது. கீழே 5, அதன் மேல் 4, அப்புறம் 3, 2, உச்சியில் 1 என்று 15 டின்னை முக்கோணமாக நிறுத்துவாள். பார்க்க அழகாக இருக்கும்.

இன்று 13 டின்தான் மிச்சம் இருந்தது. முக்கோணம் வராது என்று அவளுக்கே தெரியும். உச்சி மொட்டையாக இருந்தாலும் சரி, மூன்று நான்கு வரிசையாவது வரட்டும் என்று முயன்றாள். 5, 4, 3 வைத்தால் 12, ஒன்று மிச்சம். 6, 5, 4 வைக்க 15 வேண்டும். கடைசியில் 7-க்கு மேல் 6 என்று இரண்டே வரிசையில் முடிந்துவிட்டது.

அப்புறம் 11, 17, 19 என்று எடுத்துப் பார்த்திருக்கிறாள். எல்லாமே இரண்டு வரிசையோடு நின்றுவிடுகின்றன. "இதெல்லாம் பகா எண்ணா இருக்கேம்மா" என்கிறாள். பகா எண்களில் 3 மட்டும்தான் முழு முக்கோணமாக நிற்கிறதாம். இதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

செந்தூல்தம்பி | வெள்ளி, இரவு 10.05

காரணம் இருக்கிறது அக்கா. அடிவரிசையில் இருப்பதை 'ந' என்று வைத்துக்கொண்டால் முக்கோண எண் = ந × (ந+1) / 2. அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று கண்டிப்பாக இரட்டைப்படை. அதைப் பாதியாக்கினால் இரண்டு முழு எண்களின் பெருக்கல் கிடைத்துவிடும். 6 வரிசை என்றால் 3 × 7 = 21. 7 வரிசை என்றால் 7 × 4 = 28. மூன்று வரிசையிலிருந்து இரண்டு காரணிகளுமே 1-ஐ விடப் பெரியவை. அதனால் பகா எண் வரவே வராது. இரண்டு வரிசையில் மட்டும் 1 × 3. அந்த 3 தப்பித்துக்கொள்கிறது.

ஆயர்ஈத்தாம்_அம்மா | வெள்ளி, இரவு 10.20

நன்றி தம்பி. எனக்குப் புரிந்தது. அவளுக்கு இந்தச் சூத்திரம் இன்னும் சொல்லித்தரவில்லை. இன்னொன்று, இது முழு முக்கோணத்துக்குத்தானே? உச்சி மொட்டையாக இருக்கும் அடுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் அவளுடைய கேள்வி. டின்னை வைத்தே யாராவது விளக்க முடியுமா?

பழையஆசிரியர் | சனி, காலை 7.15

வணக்கம் அம்மா. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பல வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்தவன். உங்கள் மகள் கேட்டது சூத்திரத்தைவிட நல்ல கேள்வி. டின்னை வைத்தே சொல்கிறேன், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

முதலில் மூன்று வரிசை. 5, 4, 3 என்று இருக்கிறது. கீழ் வரிசையிலிருந்து ஒரு டின்னை எடுத்து மேல் வரிசையில் வைக்கச் சொல்லுங்கள். இப்போது 4, 4, 4. அதாவது 3 × 4. எந்த மூன்று வரிசையை எடுத்தாலும் இப்படிச் சமமாகிவிடும். ஐந்து வரிசை என்றால் அடியிலிருந்து இரண்டு டின் உச்சிக்கு, இரண்டாவதிலிருந்து ஒன்று நான்காவதுக்கு. எல்லாம் நடு வரிசை அளவுக்கு வந்துவிடும். வரிசைகள் ஒற்றைப்படையாக இருந்தால் மொத்தம் = வரிசைகள் × நடு வரிசை.

நான்கு வரிசை என்றால் நடு வரிசை கிடையாது. அப்போது அடியையும் உச்சியையும் ஜோடி சேர்க்க வேண்டும். 7, 6, 5, 4 இருந்தால் 7-உம் 4-உம் 11, 6-உம் 5-உம் 11. இரண்டு ஜோடி, 2 × 11 = 22. ஆறு வரிசைக்கு மூன்று ஜோடி, எட்டுக்கு நான்கு.

ஆகவே மூன்று வரிசையோ அதற்கு மேலோ அடுக்கிவிட்டால் அந்த எண் தானாகவே பெருக்கலாகப் பிரிந்துவிடும். பகா எண்ணோ பிரியாது. எனவே அதை அப்படி அடுக்கவே முடியாது. இரண்டு வரிசையில் ஒரே ஒரு ஜோடிதான், அதனால் அங்கே தடை இல்லை: 7 + 6 = 13, 9 + 8 = 17. 3-ஐத் தவிர எந்த முக்கோண எண்ணும் பகா எண் இல்லை என்பதும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 3 என்பது இரண்டு வரிசை அடுக்கு.

இதை மகள் கையால் டின்னை நகர்த்திப் பார்க்கட்டும். சூத்திரம் படிவம் 4-இல் தானாக வந்து சேரும்.

பிறை_இரவுப்பணி | சனி, காலை 8.02

வேலை முடிந்து வந்து பசியாறிக்கொண்டே படித்தேன். அருமை ஐயா. ஒரு சின்னச் சேர்க்கை: 2, 4, 8, 16, 32 ஆகியவை இரண்டு வரிசைக்குக்கூட வராது, ஒற்றை வரிசைதான். பகா எண்ணைவிடப் பிடிவாதம். ஐயா சொன்ன இரண்டு வகையிலும் ஓர் ஒற்றைப்படைக் காரணி வந்தே தீரும், இவற்றுக்கு அது கிடையாது.

கொடிமலை | சனி, காலை 11.30

அக்கா, 13 டின்னுக்கு வழி இருக்கிறது. இரண்டு முக்கோணமாக வையுங்கள்: 10 ஒன்று, 3 ஒன்று. எத்தனை டின் மிஞ்சினாலும் அதிகபட்சம் மூன்று முழு முக்கோணங்களில் அடுக்கிவிடலாம். 47 டின்னா? 45, 1, 1. இதை நிறுவியவர் ஜெர்மன் கணிதவியலாளர் காவுஸ். 1796 ஜூலை 10 அன்று, 19 வயதில், நாட்குறிப்பில் "யுரேகா" என்று கிரேக்கத்தில் எழுதி, அதன் பக்கத்தில் மூன்று முக்கோணக் குறிகளைக் கூட்டல் குறியோடு போட்டு வைத்தார். எனக்கு அந்த ஒற்றை வரி மிகவும் பிடிக்கும்.

ஆயர்ஈத்தாம்_அம்மா | சனி, மதியம் 2.10

ஆசிரியர் ஐயா, மகள் 5, 4, 3-ஐ 4, 4, 4 ஆக்கியதும் குதித்துவிட்டாள். பகா எண்களுக்குப் பிடிவாத எண் என்று பெயர் வைத்திருக்கிறாள், பிறைத் தம்பி சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு. 10-உம் 3-உம் இப்போது வாசலில் நிற்கின்றன.

செந்தூல்தம்பி | சனி, மாலை 4.45

முக்கோண எண்ணில் பகா எண் இல்லை, சரி. ஆனால் 1 கூட்டிப் பாருங்கள்.

நேற்று நண்பர்களோடு ஒட்டுக்கடையில் ரொட்டிச் சானாயை வைத்து ஒரு பந்தயம். நேராகத்தான் வெட்ட வேண்டும், துண்டுகளை நகர்த்தக் கூடாது, அதிகபட்சம் எத்தனை துண்டு? ஒரு வெட்டுக்கு 2. இரண்டுக்கு 4. மூன்றுக்கு 7. நான்குக்கு 11. இவை எல்லாமே முக்கோண எண் + 1. ஒவ்வொரு புது வெட்டும் பழைய வெட்டுகள் அனைத்தையும் வெவ்வேறு இடத்தில் குறுக்கே தாண்டினால், எத்தனையாவது வெட்டோ அத்தனை துண்டு கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் அடுக்கு மாதிரியே வளர்கிறது.

இப்போது கவனியுங்கள். 3 வெட்டு 7. 4 வெட்டு 11. 7 வெட்டு 29. 8 வெட்டு 37. 11 வெட்டு 67. 12 வெட்டு 79. எல்லாம் பகா எண்! இடையில் 5, 6, 9, 10 வெட்டுகளுக்கு இரட்டைப்படை எண்தான் வருகிறது, அதை விட்டுவிடுங்கள். 4-இன் மடங்குக்கும் அதற்கு ஒன்று குறைவானதற்கும் எப்போதும் பகா எண் என்று நினைக்கிறேன். இதை எப்படி நிறுவுவது?

பிறை_இரவுப்பணி | சனி, மாலை 5.20

தம்பி, 15 வெட்டு போட்டுப் பார்த்தீர்களா? 120 + 1 = 121 = 11 × 11.

செந்தூல்தம்பி | சனி, மாலை 5.26

பார்க்கவில்லை அண்ணா. அடுத்ததிலேயே உடைந்துவிட்டது. ஆறு தடவை வந்ததும் நம்பிவிட்டேன்.

பழையஆசிரியர் | சனி, இரவு 8.30

தம்பி, வருத்தப்பட வேண்டாம். ஆறு தடவை சரியாக வருவதைப் பார்த்து ஒரு விதி இருக்குமோ என்று எண்ணுவதுதான் கணிதத்தின் தொடக்கம். ஏழாவதைப் பார்ப்பது அடுத்த படி. 15 உடைந்தாலும் 16 வெட்டுக்கு 137, 19-க்கு 191, 20-க்கு 211, 23-க்கு 277 என்று பகா எண்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 24-க்கு 301, அது 7 × 43. இப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் வருமா என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. வரும் என்றுதான் கணிதவியலாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

நீங்கள் 1 கூட்டினீர்கள். 1 கழித்தால் என்ன ஆகும்? 3 − 1 = 2. 6 − 1 = 5. அவ்வளவுதான். அதற்கு மேல் 9, 14, 20, 27, 35, 44, 54 என்று எத்தனை தூரம் போனாலும் பகா எண் கிடையாது. கூட்டினால் முடிவே தெரியாத கேள்வி, கழித்தால் இரண்டோடு சரி. வெறும் ஒன்றில் இத்தனை வித்தியாசம் எப்படி?

டின்னிடம் திரும்புவோம். முக்கோணத்தில் 1 கழிப்பது என்றால் உச்சி டின்னை எடுத்துவிடுவது. மிச்சமிருப்பதும் அடுக்குதான், 2-இல் தொடங்கும் அடுக்கு. மூன்று வரிசை ஆனதும் அது பிரிந்துவிடும். 2 என்பது ஒரு வரிசை, 5 என்பது 2 + 3, அதற்கு அடுத்து 2 + 3 + 4 = 9, முடிந்தது. 1 கூட்டுவது என்றால் அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு டின் தனியாக நிற்கிறது. அது எந்த வரிசையிலும் சேராது. ஜோடி சேர்க்கவும் முடியாது, சமமாக்கவும் முடியாது. நம்மிடம் இருந்த ஒரே பிடி கைநழுவிப் போகிறது.

இதே காரணத்தால் 6 கழித்தால் இன்னும் விசேஷம். உச்சியிலிருந்து மூன்று வரிசையை எடுத்துவிடுகிறோம், மிச்சம் 4-இல் தொடங்குகிறது. ஒரு வரிசை: 4. இரண்டு: 4 + 5 = 9. இரண்டுமே பகா எண் இல்லை. மூன்றிலிருந்து எப்படியும் பிரியும். ஆகவே 6-க்கு மேற்பட்ட எந்த முக்கோண எண்ணிலிருந்து 6-ஐக் கழித்தாலும் பகா எண் வராது. 10 − 6, 15 − 6, 21 − 6, 28 − 6 என்று போட்டுப் பாருங்கள்.

பத்துமலை_பக்கம் | ஞாயிறு, காலை 9.10

இழையைப் படித்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் இதே நினைப்பு. பத்துமலைப் படிகள் 272. அது 16 × 17, அதாவது 16-ஆவது முக்கோண எண்ணான 136-இன் இரண்டு மடங்கு. இரண்டு சம முக்கோணங்களைத் தலைகீழாகச் சேர்த்தால் வரும் செவ்வகம்.

பகா எண்ணோடு ஒரு தொடர்பையும் சொல்கிறேன். முக்கோண எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் எப்போதும் வர்க்க எண் வரும். திருப்பிப் போட்டால், 3-க்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணையும் வர்க்கமாக்கி, 1 கழித்து, 8-ஆல் வகுத்தால் முக்கோண எண்: 5-க்கு 3, 7-க்கு 6, 11-க்கு 15, 13-க்கு 21, 17-க்கு 36, 19-க்கு 45. அத்தனையும் 3-ஆல் வகுபடும்.

கொடிமலை | ஞாயிறு, காலை 10.00

நல்ல தகவல். அந்த 8 மடங்கு + 1 தான் நம் இராமானுஜனின் ஒரு கேள்விக்கும் வாசல். 1, 3, 7, 15, 31 என்று இரண்டின் அடுக்குகளில் (2, 4, 8, 16, 32) ஒன்று குறைந்த எண்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் எவை முக்கோண எண்கள்? 1, 3, 15, 4095. நான்கே நான்கு. 4095 என்பது 90 வரிசை அடுக்கு. வேறு ஏதாவது வர்க்கம், இரண்டின் அடுக்கைவிட 7 குறைவாக அமையுமா என்ற வடிவில் இராமானுஜன் இதை 1913-இல் கேட்டார். இல்லை என்று நார்வே நாட்டு நாகல் 1948-இல் நிறுவினார்.

இன்னொன்று: 6, 28, 496, 8128 ஆகிய நிறைவெண்கள் (தன்னைத் தவிர்த்த வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண்கள், 1 + 2 + 3 = 6 போல) எல்லாம் முக்கோண எண்கள். அடிவரிசை 3, 7, 31, 127, நான்கும் பகா எண்கள். இரட்டைப்படை நிறைவெண் எதுவானாலும் இப்படித்தான் இருக்கும் என்று கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார். 2024 அக்டோபரில் அறிவித்தார்களே, 2-இன் 136,279,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண், 41 மில்லியன் இலக்கங்கள் கொண்டது. அதை அடிவரிசையாக வைத்து எழும் முக்கோணமும் ஒரு நிறைவெண்.

ஆயர்ஈத்தாம்_அம்மா | ஞாயிறு, மாலை 6.40

மகள் இன்று கடையில் புதிதாக ஒன்று செய்திருக்கிறாள். எத்தனை டின் இருந்தாலும் ஒரு முழு முக்கோணம் வைத்துவிட்டு மிச்சத்தைப் பிடிவாத எண்ணாக ஆக்க முடியுமா என்று பார்க்கிறாள். 9 = 6 + 3. 21 = 10 + 11. 28 = 15 + 13. 35 = 6 + 29. எண்ணே பிடிவாத எண்ணாக இருந்தால் முக்கோணம் வைக்கத் தேவையில்லை, அதற்கு 0. 1-க்கு வரவில்லை, அது ரொம்பச் சின்னது என்று விட்டுவிட்டாள். 35 வரை எல்லாம் வந்துவிட்டது.

36-இல் மாட்டிக்கொண்டாள். 36, 35, 33, 30, 26, 21, 15, 8, 0. ஒன்றும் இல்லை. தப்பாகக் கழித்துவிட்டோமோ என்று மூன்று முறை போட்டுவிட்டாள்.

பழையஆசிரியர் | ஞாயிறு, இரவு 7.55

தப்பே இல்லை அம்மா. அவளிடம் சொல்லுங்கள், 36 நிஜமாகவே வராது.

36 தானே ஒரு முழு முக்கோணம், 8 வரிசை. அதிலிருந்து இன்னொரு முக்கோணத்தைக் கழிப்பது என்றால் உச்சியிலிருந்து சில வரிசைகளை எடுப்பது. மிச்சத்தில் மூன்று வரிசை இருந்தால் பிரிந்துவிடும். எனவே அடியில் ஒன்றோ இரண்டோ வரிசைதான் மிஞ்ச வேண்டும். ஒரு வரிசை: 8. இரண்டு: 8 + 7 = 15. இரண்டும் பகா எண் இல்லை. கதவு மூடிவிட்டது.

28-க்கு 7 வரிசை: 7 பகா எண், 7 + 6 = 13-உம் பகா எண். 45-க்கு 9 வரிசை: 9 இல்லை, 9 + 8 = 17 உண்டு. அதனால் அவை பிழைத்தன. 36-ஐப் போல மாட்டிக்கொள்பவை இன்னும் உண்டு: 105, 171, 210. 105 என்பது 14 வரிசை; 14-உம் இல்லை, 14 + 13 = 27-உம் இல்லை.

பிறை_இரவுப்பணி | ஞாயிறு, இரவு 11.15

வேலை தொடங்கும் முன் எழுதிவிடுகிறேன், இதைப் பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்தப் பிள்ளை கேட்டது நிஜமாகவே ஓர் ஆய்வுக் கேள்வி. சீனாவின் நான்சிங் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சுன் ஜி-வெய் 2008-இல் முன்வைத்த ஊகம் இது: எந்த இயல் எண்ணையும் ஒரு முக்கோண எண் + ஒரு பகா எண் அல்லது 0 என்று எழுதலாம், ஒரே ஒரு எண்ணைத் தவிர. அந்த எண் 216. இன்றுவரை நிறுவப்படவில்லை.

நான் வீட்டில் சின்ன நிரல் எழுதி ஒரு மில்லியன் வரை ஓட்டிப் பார்த்தேன். 216 மட்டும்தான் நிற்கிறது.

பத்துமலை_பக்கம் | திங்கள், காலை 6.50

0 பகா எண் கிடையாதே. அதை ஏன் சேர்க்க வேண்டும்? ஊகத்தைக் காப்பாற்ற ஒட்டுப் போட்ட மாதிரி தெரிகிறது.

பழையஆசிரியர் | திங்கள், காலை 8.20

நியாயமான கேள்வி. என் பார்வையைச் சொல்கிறேன். 36, 105 போன்றவை ஏன் வரவில்லை என்று நமக்கு முழுதாகத் தெரியும். அடியின் ஒரு வரிசையும் இரண்டு வரிசையும் பகா எண்ணாக இல்லாத முக்கோணம் ஒவ்வொன்றும் மாட்டும். அப்படிப்பட்டவை முடிவில்லாமல் உண்டு: 8 வரிசை, 38 வரிசை, 68 வரிசை என்று முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டே போங்கள், அடி வரிசை எப்போதும் இரட்டைப்படை, இரண்டு வரிசையின் கூட்டல் எப்போதும் 15-ஆல் வகுபடும். 0-ஐ அனுமதித்தால் முக்கோண எண்கள் எல்லாம் தாமே தமக்கு விடையாகி ஒதுங்கிவிடும். அதனால் அது ஒட்டு அல்ல. காரணம் தெரிந்த விதிவிலக்குகளை ஓரமாக வைப்பது. அப்படி வைத்த பிறகு மிஞ்சுவதுதான் 216.

216 முக்கோண எண் இல்லை. 210-க்கும் 231-க்கும் நடுவில் இருக்கிறது. எனவே நம் வரிசைக் காரணம் அதைத் தொடவே தொடாது. 21 முறை கழிக்கிறோம், 21 முறையும் ஒவ்வொரு விதமாகத் தோற்கிறது. என் அனுபவத்தில் இப்படிப்பட்ட எண்கள் அரிது. பெரிய எண்களுக்குக் கழித்துப் பார்க்க நிறைய முக்கோணங்கள் இருப்பதால் ஒன்றாவது அகப்பட்டுவிடும் என்று நம்பலாம், ஆனால் நம்புவது வேறு, நிறுவுவது வேறு.

பத்துமலை_பக்கம் | திங்கள், காலை 8.41

இப்போது ஒப்புக்கொள்கிறேன் ஐயா. 0-ஐச் சேர்ப்பதுதான் சரி.

ஆயர்ஈத்தாம்_அம்மா | திங்கள், இரவு 9.05

216-ஐக் கையால் போட்டுவிட்டாள். கட்டம் போட்ட நோட்டில் ஒன்றரைப் பக்கம். 21 கழித்தல். 11 இரட்டைப்படை, அவற்றை உடனே அடித்துவிட்டாள். 215, 195, 125, 45 ஆகிய நான்கும் 5-இல் முடிகின்றன. 213, 201, 171, 111, 63 ஆகியவற்றின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து 3-ஆல் வகுபடும் என்று கண்டுபிடித்தாள். கடைசியாக 161 மட்டும் நின்றது.

"இது பிடிவாத எண், அவங்க சொன்னது தப்பு" என்று என்னிடம் ஓடி வந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா கடையை மூடிக்கொண்டே 7-ஆல் வகுத்துப் பாரேன் என்றார். 7 × 23.

சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு 217 போட்டாள். நான்காவது கழித்தலிலேயே 211 வந்துவிட்டது, கூட 6. இப்போது 218-இல் இருக்கிறாள், இன்னும் தூங்கப் போகவில்லை.

செந்தூல்தம்பி | திங்கள், இரவு 9.12

அக்கா, விடையை நான் சொல்லமாட்டேன். ஏழாவது கழித்தல் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

ஆயர்ஈத்தாம்_அம்மா | திங்கள், இரவு 9.20

197 + 21. விளக்கை அணைத்தாயிற்று.